இருசம்மாள் கட்டிய பிராது

கரட்டடி இருசம்மாளை "டாலரம்மா" என்று முதலில் கூப்பிட்டது யார் என்று அந்த ஊரில் யாரைக் கேட்டாலும் தெரியாது என்பார்கள். கூப்பிட்ட அத்தனை பேருக்கும் இப்போது மறதி நோய். ஆனால் அந்தப் பேர் எந்த வாயிலிருந்து கிளம்பியது என்று இருசம்மாளுக்கு நன்றாகத் தெரியும். கள்ளக்குறிச்சியில், கல்குவாரிக்காரர் செலவில் போட்ட மேடையில், தோளில் மடிப்புக் கலையாத புதுத் துண்டோடு மைக்கைப் பிடித்து நின்ற தமிழரசனின் வாய் அது. டாலர் என்ன நிறம் என்றுகூட இருசம்மாளுக்குத் தெரியாது. அதை வாங்கி மாடி வீடு கட்டியவன் அவன். அவன்தான் அவளைப் பார்த்து அப்படிச் சொன்னான். கேட்ட அன்றைக்கே அவள் முடிவு பண்ணிவிட்டாள், இவனைச் சும்மா விடுவதில்லை என்று.

கச்சிராயபாளையம் போகிற ரோட்டிலிருந்து உள்ளே பிரிந்து போனால், கல்வராயன் மலை எழும்புகிற இடத்துக்குச் சற்று முன்னால் ஒரு கரடு இருக்கிறது. இருக்கிறது என்று சொல்வது பாதிதான் உண்மை. பாதிக் கரட்டை வெட்டி லாரியில் ஏற்றி அனுப்பியாகிவிட்டது. அதன் காலடியில் இருக்கிற ஊர்தான் கரட்டடி. இருசம்மாள் அங்கே வாழ்க்கைப்பட்டு வந்தபோது கரடு முழுசாக இருந்தது, ஆடு மேய்ந்தது. நடவு நடுவாள், கரும்பு வெட்டப் போவாள், மரவள்ளி பிடுங்கப் போவாள். ஆம்பளைக்குச் சமமாக வெட்டுவாள், கூலி மட்டும் பொம்பளைக் கூலி வாங்குவாள். அதற்காக ஒருமுறை கரும்புத் தோட்டத்தில் அரிவாளை வரப்பில் குத்திவிட்டு உட்கார்ந்தவள் அவள். சாயங்காலம் வரை உட்கார்ந்தே இருந்தாள். கூலியில் கொஞ்சம் ஏற்றிக் கொடுத்துத்தான் எழுப்பினார்கள். கத்தத் தெரியாது, திட்டத் தெரியாது, உட்காரத் தெரியும்.

புருசன் ராசு கிரஷரில் வேலைக்குப் போனான். கல்லை அரைத்து ஜல்லியாக்குகிற மெஷினுக்குப் பக்கத்தில் சில வருசம் நின்றான். பிறகு நிற்க முடியவில்லை. கள்ளக்குறிச்சி பெரியாஸ்பத்திரியில் படம் எடுத்துப் பார்த்துவிட்டு, நெஞ்செல்லாம் தூசி என்று சொன்னார்கள். அதற்குப் பிறகு ராசு கட்டிலில் சாய்ந்தபடியே மூச்சை இழுத்துக்கொண்டிருந்தான். வாசலில் குவாரி லாரிகள் தூசியைக் கிளப்பிக்கொண்டு போயின. ஒரு காலையில் லாரி கிளப்பிய தூசியில் அவனுக்கு மூச்சு அடைத்து, கண் மேலே செருகியது. இருசம்மாள் அவன் நெஞ்சைத் தேய்த்து மூச்சு வரவைத்தாள். பிறகு எழுந்து போய் லாரி வருகிற பாதையில் உட்கார்ந்தாள். போராட்டம் என்று நினைத்து உட்காரவில்லை. வயிறெரிந்து உட்கார்ந்தாள்.

டிரைவர் ஹாரன் அடித்தான், இறங்கி வந்து கெஞ்சினான். அதற்குள் எதிர்வீட்டு அமிர்தம் வந்து பக்கத்தில் உட்கார்ந்துவிட்டாள். வெயில் ஏறுவதற்குள் தெருவே வந்துவிட்டது.

அந்தப் பெண்கள் செய்த ஒரு காரியத்தை இங்கே சொல்லியாக வேண்டும், ஏனென்றால் பின்னால் கெட்டது அதுதான். ஆடி மாசத்தில் மாரியம்மனுக்குக் கூழ் ஊற்றும்போது கரட்டடியில் வீட்டு முறை உண்டு. இன்றைக்கு இந்த வீடு, நாளைக்கு அடுத்த வீடு. முறை வந்த வீடு கூழ் காய்ச்சி எடுத்துக்கொண்டு வர வேண்டும், வராவிட்டால் சாமி குத்தம். அதே முறையை லாரிப் பாதைக்குக் கொண்டுவந்துவிட்டார்கள். யாருக்கு முறையோ அந்த வீடு கேழ்வரகுக் கூழும் மோர் மிளகாயும் கொண்டுவரும், உட்கார்ந்திருப்பவர்கள் எல்லாரும் குடிப்பார்கள். கூழ் கொண்டுவந்தவள் கூட்டத்தோடு உட்காராமல் போக முடியுமா? சண்டைக்காரியும் வந்தாள், புருசனுக்குப் பயந்தவளும் வந்தாள். இப்படியே லாரியை நிறுத்திவிட்டார்கள். தாசில்தார் வந்து பேசினார். குவாரிக்காரர் ஆள் அனுப்பிப் பார்த்தார். கூழ்ப்பானை மட்டும் வீடு மாற்றி வீடு வந்துகொண்டே இருந்தது.

அந்த நேரத்தில்தான் தமிழரசன் வந்தான்.

கள்ளக்குறிச்சியில் ஒரு தொண்டு நிறுவனம் நடத்திவந்தான். நல்ல படிப்பு, நல்ல பேச்சு, தாடி. அப்பா கொளஞ்சியப்பன் மணலூர்பேட்டைப் பக்கம் நெல் விவசாயம் பார்த்தவர். மகனோ பள்ளிக்கூடம் பள்ளிக்கூடமாகப் போய்ச் சாமியும் இல்லை பூதமும் இல்லை என்று வகுப்பு எடுப்பான். வெளிநாட்டிலிருந்து அவன் நிறுவனத்துக்குப் பணம் வந்தது. வரட்டும், அதில் தப்பொன்றும் இல்லை. நல்லது செய்கிற பணம் எங்கேயிருந்து வந்தால் என்ன என்றுதான் கரட்டடியும் நினைத்தது.

"அக்கா, நீங்க வெயில்ல காஞ்சிக்கினு ஒக்காந்திருக்கீங்க. ஒலகம் பூரா ஒங்கள பாக்கணும்," என்றான். மறுநாள் பந்தல் வந்தது, பிளாஸ்டிக் நாற்காலி வந்தது, மைக் செட் வந்தது. மதியம் வேனில் பிரியாணிப் பொட்டலம் வந்தது.

இருசம்மாள் அன்றைக்கே கேட்டாள். "ஏன் சார், சோறு வெளியிலேர்ந்து வந்தா கூழு முறை இன்னாத்துக்கு ஆவும்?"

"பெண்கள ஏங்கா அடுப்புல போட்டு வேக வெக்கிறீங்க? அவுங்க போராடட்டும்," என்று சிரித்தான். பெண்களும் சிரித்தார்கள். யாருக்குத்தான் பிரியாணி கசக்கும்? கூழ்ப்பானை அன்றோடு நின்றது. பெண்கள் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

பிறகு நாடு முழுக்க மலைகளைக் காப்பாற்றுகிற இயக்கம் ஒன்றில் கரட்டடியைச் சேர்த்தான். இருசம்மாளை ரயிலேற்றி டெல்லிக்குக் கூட்டிப் போனான். பெரிய மைதானம், ஏகப்பட்ட ஊர் ஜனம், ஏகப்பட்ட கொடி. அவள் கையில் இங்கிலீசில் எழுதின ஒரு அட்டையைக் கொடுத்து உயர்த்திப் பிடிக்கச் சொன்னான். "நம்ம கரடு பேரு இதுல இருக்குதா சார்?" என்று கேட்டாள். உலகம் சூடாகிக்கொண்டு வருவதைப் பற்றி எழுதியிருக்கிறது என்று சொன்னான். கரடு பேர் இல்லை. குவாரி பேரும் இல்லை. அவள் கைவலிக்கப் பிடித்துக்கொண்டு நின்றாள். ஊருக்குத் திரும்பியபோது ஒரு வெள்ளைக்காரம்மா வந்தாள். இருசம்மாள் வீட்டுக் கட்டிலில் ராசுவின் கால்மாட்டில் உட்கார்ந்து டீ குடித்தாள், கண் கலங்கினாள், ஒரு சோலார் விளக்கைக் கொடுத்துவிட்டுப் போனாள். நல்ல பொம்பளைதான். அவளும் கரட்டைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை, போட்டோதான் நிறைய எடுத்தாள்.

ஒருநாள் வெளிநாட்டுப் பணம் வாங்குகிற அனுமதியைத் தமிழரசனின் நிறுவனத்துக்கு ரத்து பண்ணிவிட்டதாகச் செய்தி வந்தது. டிவியில் நாலு பேர் உட்கார்ந்துகொண்டு, இந்தப் போராட்டமெல்லாம் வெளிநாட்டுச் சதி என்று ஒருவர் மேல் ஒருவர் விழுந்து கத்தினார்கள். திரையில் ஒரு போட்டோ காட்டினார்கள். வெள்ளைக்காரம்மா டீ குடிக்கிறாள், பக்கத்தில் இருசம்மாள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரிக்கிறாள்.

விசாரணைக்கு ஆட்கள் வந்தார்கள். தமிழரசன் முதலில் போய் வாக்குமூலம் கொடுத்துவிட்டான். "எங்களுக்கு ஒண்ணும் தெரியாதுங்க. போராட்டத்த ஆரம்பிச்சது இருசம்மா. வெளிநாட்டுக்காரங்க வந்து தங்குனதும் அந்தம்மா வூட்டுலதாங்க." தன் தலையைக் காப்பாற்ற அவள் தலையை நீட்டிவிட்டான். ஜீப் வந்து நின்றது. பாத்திரத்தையெல்லாம் உருட்டிப் பார்த்துவிட்டுச் சோலார் விளக்கை எடுத்துக்கொண்டு போனார்கள். ராசு கட்டிலிலிருந்து எழுந்திருக்க முயன்று கீழே விழுந்தான்.

பந்தல் பிரிந்தது, பிரியாணி வேன் வரவில்லை. பழையபடி கூழ் முறை வைக்கலாம் என்று இருசம்மாள் வீடு வீடாகப் போய்ச் சொன்னாள். எங்கள் வீட்டுக்காரர் திட்டுகிறார் என்றாள் ஒருத்தி. "ஒனுக்குத்தான் வெளிநாட்டுலேர்ந்து வந்துதே, எங்களுக்கு இன்னா குடுத்த?" என்று கேட்டாள் அமிர்தம். கேட்டவள் முகத்தைக்கூடத் திருப்பிக்கொள்ளவில்லை. லாரிகள் மறுபடி ஓடின, முன்னைவிட ஜாஸ்தியாக.

தமிழரசனுக்கு என்ன ஆனது? ஒன்றும் ஆகவில்லை. தாடியை எடுத்தான், கட்சியில் சேர்ந்தான். வெளிநாட்டுச் சதியைப் பற்றி ஊர் ஊராகப் பேசுவதற்கு அவனைப் போல விவரம் தெரிந்த ஆள் யார் கிடைப்பார்கள்? குவாரிக்காரருக்கு வேண்டிய அனுமதிகளை வாங்கிக் கொடுக்கிற வேலையையும் அவனே பார்த்தான். அப்படி ஒரு மேடையில்தான், "நம்ம மாவட்டத்துலயே ஒரு டாலரம்மா இருக்காங்க," என்று சொல்லிச் சிரிக்க வைத்தான். இருசம்மாள் நடவுக்குப் போன இடத்தில் அந்தப் பேச்சைப் போனில் போட்டுக் கேட்டார்கள். மறுநாளிலிருந்து நடவுக்கு அவளைக் கூப்பிடவில்லை. டாலர் வைத்திருப்பவளுக்குக் கூலி எதற்கு?

அடிப்பதற்கு அவளிடம் ஆள் இல்லை, கேஸ் போட வக்கீல் இல்லை. ஆனால் அந்தச் சீமையில் பொறந்த யாருக்கும் தெரிந்த கோர்ட் ஒன்று இருக்கிறது. விருத்தாசலத்துக்குப் பக்கத்தில் கொளஞ்சியப்பர் கோயில். அநியாயம் நடந்தவர்கள் அங்கே போய், இன்னார் எனக்கு இன்னது செய்தார் என்று பேர் சொல்லி எழுதி, சாமி காலடியில் வைத்து, முனியப்பர் சூலத்தில் கட்டிவிட்டு வருவார்கள். அதற்குப் பேர் பிராது. மூன்று மாசத்துக்குள் சாமி விசாரித்துத் தீர்ப்புச் சொல்லும் என்பது நம்பிக்கை. கட்டியவரே போய் ராஜினாமா, அதாவது பிராதைத் திருப்பி வாங்கிக்கொள்வதாக எழுதி, கொடுத்தால்தான் பிராது தீரும். எதிராளி என்ன கும்பிட்டு விழுந்தாலும் நடக்காது.

இருசம்மாள் குளித்து முழுகி, ராசுவை மூத்தார் வீட்டில் விட்டுவிட்டுப் போனாள். அங்கே பிராது எழுதிக் கொடுக்கிறவரிடம் நடந்ததையெல்லாம் சொன்னாள். அவர் கேட்டார். "எதிரி ஒருத்தரா, பல பேரா? குவாரிக்காரரு, வெளிநாட்டுக்காரங்க எல்லாரையும் சேத்துடலாமா?"

"வாணாங்க. குவாரிக்காரன் மொதல்லேர்ந்தே எதிரி, அவன் எதிரியாத்தான் இருந்தான். வெள்ளக்காரம்மாவுக்கு எங்க ஊரே தெரியாது. கூட ஒக்காந்து சோறு துன்னுட்டு காட்டிக் குடுத்தவன் ஒருத்தந்தான். கொளஞ்சியப்பன் மவன் தமிழரசன்னு எழுதுங்க."

சூலத்தில் இறுக்கி முடிச்சுப் போட்டாள். அவன் நன்றாக இருக்கக் கூடாது என்று வாய்விட்டு வேண்டிக்கொண்டாள். நல்ல புத்தி கொடு என்றெல்லாம் கேட்கவில்லை.

திரும்பி வந்து கள்ளக்குறிச்சி பஸ் ஸ்டாண்டில் இறங்கினாள். தமிழரசனின் ஆட்கள் வழக்கமாக நிற்கிற டீக்கடைக்கு நேராகப் போனாள். "ஒங்க தலைவருக்கு சொல்லிடுங்க. கொளஞ்சியப்பர்கிட்ட அவரு மேல பிராது கட்டிட்டு வந்துட்டன்," என்று சொல்லிவிட்டு ஷேர் ஆட்டோ ஏறினாள். அவ்வளவுதான். மீதியை டீக்கடை பார்த்துக்கொண்டது.

தமிழரசன் முதலில் சிரித்தான். சாமி இல்லை என்று ஊருக்கெல்லாம் பாடம் எடுத்தவன் அல்லவா? அடுத்த வாரம் தியாகதுருகம் ரோட்டில் பைக் சறுக்கித் தோள்பட்டை இறங்கியது. மழை என்றான். கிணற்று மோட்டார் எரிந்தது. கரண்ட் என்றான். மகள் அபிநயாவைப் பெண் பார்த்துவிட்டுப் போனவர்கள், எப்படியோ பிராது விசயம் காதில் விழுந்து, கொஞ்ச நாள் போகட்டும் என்று தகவல் சொல்லி அனுப்பினார்கள். அதற்கு மழையையும் சொல்ல முடியாது, கரண்டையும் சொல்ல முடியாது. அவன் பெண்சாதி செந்தமிழ்ச்செல்வி சாப்பிடுவதை நிறுத்தினாள். அப்பன் பேரே அந்தச் சாமி பேர், குலதெய்வம் அந்தச் சாமி. படித்ததெல்லாம் ஒரு பக்கம் இருக்க, அவனுக்கே உள்ளுக்குள் உதறல் எடுத்துவிட்டது. ஒவ்வொன்றும் காதுக்கு வரவர இருசம்மாளுக்கு ராச்சோறு ருசித்தது. இதைச் சொல்ல அவள் வெட்கப்படவில்லை, நான் ஏன் வெட்கப்பட வேண்டும்?

ஒரு காலையில் புருசனும் பெண்சாதியும் பழத்தட்டோடு கரட்டடிக்கு வந்தார்கள். தமிழரசன் ஒரு கையைக் கழுத்தில் தூளி கட்டித் தொங்கவிட்டிருந்தான். இருசம்மாள் உள்ளே வாங்க என்று சொல்லவில்லை. செந்தமிழ்ச்செல்வி வாசலிலேயே அவள் காலைப் பிடித்துக்கொண்டாள்.

"எந்திரிம்மா. நீ இன்னா பண்ண எனுக்கு? ஒம் மேல கோவமில்ல," என்று அவளைத் தூக்கிவிட்டாள். அவனைப் பார்க்கவே இல்லை.

"அக்கா, நான் பண்ணது தப்புதாங்க. ராஜினாமா குடுத்துடுங்க. எவ்ளோ வேணும்னாலும்..."

"காச பத்தி பேசாத. அதான் ஒன்னக் கெடுத்துது." இருசம்மாள் குரல் உயரவில்லை. "லாரிப் பாதைக்கு வா. நான் டாலர் வாங்கனனா நீ வாங்கனியான்னு ஊருக்கு முன்னாடி சொல்லு. அப்புறம் அங்கயே ஒக்காரு. கூழு முறை மறுபடியும் நடக்கும். மொத முறை ஒன் வூடு. லாரி நின்னா நான் விருத்தாசலம் வரன்."

"என் கட்சியில இன்னா சொல்லுவாங்கக்கா?"

"எனுக்கு இன்னா சொன்னாங்கன்னு நீ கேட்டியா?"

தெரு முழுக்க வாசலுக்கு வந்துவிட்டது. தமிழரசன் பாதையில் நின்று சொன்னான். முதலில் முனகினான். "கேக்கல," என்றாள் அமிர்தம். சத்தமாகச் சொன்னான். வெளிநாட்டுப் பணமெல்லாம் தனக்குத்தான் வந்தது, இருசம்மாளுக்கு ஒரு பைசா வரவில்லை, தான் பிழைக்க வேண்டி அவள் பேரைச் சொல்லிவிட்டதாக ஒப்புக்கொண்டான். ராசு கட்டிலில் நிமிர்ந்து உட்கார்ந்து கேட்டான். அமிர்தம் வந்து இருசம்மாள் பக்கத்தில் உட்கார்ந்தாள். இருசம்மாள் நகர்ந்து இடம் கொடுத்தாள், முகம் மட்டும் கொடுக்கவில்லை. அதற்கு இன்னும் நாள் ஆகும்.

செந்தமிழ்ச்செல்வி காய்ச்சிய கூழ் கட்டி கட்டியாக இருந்தது, குடித்தார்கள். தமிழரசன் புழுதியில் உட்கார்ந்து வியர்த்தான். லாரி டிரைவர்கள் அவனைப் பார்த்து வாயைப் பிளந்தார்கள். குவாரிக்காரர் போனில் கத்தினார். கட்சியிலிருந்து அவனை நீக்கியதாகப் பேப்பரில் வந்தது. எந்த அனுமதியை எப்படி வாங்கினோம் என்று தெரிந்தவன் எதிரே உட்கார்ந்திருக்கும்போது குவாரிக்காரர் என்ன செய்வார்? கொஞ்ச நாள் லாரியை நிறுத்தி வையுங்கள் என்றார். கூழ் முறை தெருவைச் சுற்றி வந்தது. ஒவ்வொரு நாளும் இருசம்மாள் எதிரே உட்கார்ந்து, அவன் முகம் வெயிலில் கறுப்பதைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

லாரி நின்றதும் சொன்ன வார்த்தைப்படி அவனோடு விருத்தாசலம் புறப்பட்டாள். உளுந்தூர்பேட்டையில் பஸ் மாற வேண்டும். வருகிற வழியெல்லாம் அவன் முகம் தெளிந்துகொண்டே வந்தது. பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே ஒரு ஓட்டலில் டீ வாங்கிக் கொடுத்தான்.

"அக்கா, ஒண்ணு சொல்லணும். இத்தோட முடிஞ்சிதுன்னு நெனைக்காதீங்க. பாம்பேலேர்ந்து ஒரு பெரிய கம்பெனி பேசுச்சி. மலைய காப்பாத்துற போராட்டத்துக்கு அவுங்க நிதி குடுக்குறாங்களாம். இது வெளிநாட்டுக் காசு இல்லக்கா, நம்ம நாட்டுக் காசு. யாரும் ஒண்ணும் சொல்ல முடியாது. பொம்பளைங்க கூழு காய்ச்சிக்கினு கஷ்டப்பட வாணாம், எல்லாம் அவுங்களே பாத்துக்குவாங்க. பாதையில நீங்க ஒக்காந்திருக்கிறத ஒரு போட்டோ எடுத்து அனுப்பிட்டன். ரொம்ப புடிச்சிப் போச்சி அவுங்களுக்கு."

இருசம்மாள் டீயை முழுக்கக் குடித்து முடித்தாள். கிளாஸை மேசையில் வைத்தாள். அவன் முகத்தை ஒரு தரம் நன்றாகப் பார்த்தாள். சாமி தோளை இறக்கியும், மகள் சம்பந்தத்தை நிறுத்தியும், அவ்வளவு நாள் புழுதியில் உட்கார வைத்தும் இவனுக்கு ஒன்றும் ஏறவில்லை. இவனிடம் கரடும் இல்லை, ராசுவின் நெஞ்சும் இல்லை. போட்டோதான் இருக்கிறது.

எழுந்து ரோட்டைத் தாண்டிப் போய், கள்ளக்குறிச்சி பஸ்ஸில் ஏறி ஜன்னல் ஓரம் உட்கார்ந்தாள்.

"அக்கா, அது கள்ளக்குறிச்சி வண்டி! விருத்தாசலம் வண்டி அந்தாண்ட நிக்கிது!" கட்டுப் போட்ட கையைப் பிடித்துக்கொண்டு ஓடி வந்தான்.

"தெரியும்."

"பிராதுக்கா? ராஜினாமா குடுக்கறன்னு சொன்னீங்களே!"

"கெடக்கட்டும்," என்றாள். "சாமி இன்னும் விசாரிக்கட்டும்."

வண்டி கிளம்பியது. அவன் கொஞ்ச தூரம் ஜன்னலோடு கூடவே ஓடி வந்தான், பிறகு லாரிகளுக்கு நடுவில் நின்றுவிட்டான். இருசம்மாளுக்கு வயிறு குளிர்ந்தது. நடவு ஆளுங்களுக்கு டீ வரும்போது வருமே, அந்த மாதிரி ஒரு நிம்மதி. தியாகதுருகம் வருவதற்குள் போன் அடித்தது. செந்தமிழ்ச்செல்வி.

"அக்கா, பிராத அவுத்துட்டீங்களா? நல்லபடியா முடிஞ்சிதாக்கா?"

இருசம்மாளுக்கு அந்தப் பெண்ணை நினைத்தால் பாவமாகத்தான் இருந்தது.

"இல்லம்மா. ஒன் வூட்டுக்காரு உளுந்தூர்பேட்டையில நின்னுக்கினு இருக்காரு. ஓட்டல்ல டீ வாங்கிக் குடுத்துட்டு எங்கிட்ட இன்னா பேசுனாருன்னு அவரையே கேளு," என்று சொல்லிவிட்டுப் போனை மடியில் வைத்தாள்.